எரு லாரியின் பிரேக்

எங்க கணவாய்ப்பாளையத்துல இன்னைக்கும் சுவத்துக் கடியாரமெல்லாம் மத்த ஊருக் கடியாரத்தைவிடக் கொஞ்சம் பின்னாலதான் ஓடுது, நம்பலைன்னா வந்து பாத்துக்குங்க. யாரும் அதைச் சரி பண்ணி வெக்கலை, ஏன்னா அந்தக் கொஞ்ச நேரத்தை எங்க லாரி தின்னுருச்சுன்னு ஊருக்கே தெரியும், தின்னதைப் போயி யாருகிட்டத் திருப்பிக் கேக்கறது?

என் பேரு நல்லாயி. கோழிப் பண்ணையில எரு அள்ளி மஞ்சக் காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் கொண்டு போயிக் கொட்டறதுதான் எங்க பொழப்பு, எங்க வூட்டுக்காரரு கண்ணை மூடும்போது விட்டுட்டுப் போனது அந்த லாரி ஒண்ணுதான், அதை ஓட்டறது என் தம்பி செங்கோடன். எரு வண்டிக்கு எந்தக் கிளீனரும் வர மாட்டான், அதனால கிளீனர் சீட்டுல நானே உக்காந்துக்குவேன். கணவாய் எறக்கத்துல எங்க வண்டி தலையைக் காட்டுனாப் போதும், கீழ ஊரே மூக்கைப் பொத்திக்கும். எங்க வூட்டுக்காரரோட கூடப் பொறந்த அக்கா, என் நங்கையா கோகிலம், முந்தானையைச் சுருட்டி மூக்குல அடைச்சுக்கிட்டு மொகத்தைத் திருப்பிக்குவாங்க. இத்தனைக்கும் எங்க எருவுல வெளஞ்ச மஞ்சளைத்தான் அந்த மொகத்துல பூசிக்கிட்டுக் கோயிலுக்குப் போறது. நான் கண்டுக்க மாட்டேன், நாத்தம் நாத்தம்தானே, பொத்துனாப் பொத்திட்டுப் போகட்டும்னு இருந்தேன்.

தை மாசம் பொறந்ததும் பிரேக்கு சண்டித்தனம் பண்ண ஆரம்பிச்சுது. மிதிச்சா வண்டி யோசிச்சு யோசிச்சு நின்னுச்சு. எங்கூருப் பட்டறை சவரி சக்கரத்தைக் கழட்டிப் பாத்துட்டு, லைனிங் தேஞ்சு தகடாப் போச்சு, எல்லாத்துக்கும் புதுசு போட்டுட்டாத் தீந்துச்சுக்கான்னான். ஆனா வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குதுன்னு வருசத்துக்கொருக்கா எப்.சி. காட்டோணுமே, அதுக்கு டீலரு கையெழுத்துப் போட்ட பேப்பரு இருந்தா நல்லதுன்னு ஆளாளுக்குச் சொல்லவும், நான் அவங்க பேச்சைக் கேட்டு வண்டியை டவுனுக்குக் கொண்டு போயி பைபாஸ் ஓரத்துல கண்ணாடி மாளிகையாட்டம் கட்டி வெச்சிருக்கற டீலருகிட்ட விட்டேன். நாங்க உக்காந்து எந்திரிச்ச சோபாவுல, நாங்க வாசப்படி தாண்டறதுக்குள்ள, ஒரு புள்ள வந்து வாசனைத் தண்ணி பீச்சுச்சு. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

சர்வீஸ் மேனேஜரு பேரு பிரதீப்பு. கசங்காத சட்டை, கழுத்துல பட்டை, வார்த்தைக்கு வார்த்தை மேடம். வேலை முடிஞ்சுதுன்னு கூப்பிட்டு விட்டான். "ஒரிஜினல் லைனிங் போட்டிருக்கோம் மேடம், டிரம் எல்லாம் கடைசல் புடிச்சாச்சு. வண்டியை எடுத்துட்டுப் போங்க, ஓட்டிப் பாருங்க, உங்க ஊரு மாரியாத்தா நோம்பிக்குள்ள பணத்தைக் கட்டி, திருப்தின்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, எப்.சி.க்குப் பேப்பர் ரெடியா இருக்கும்" அப்படின்னான். கட்டலைன்னாப் பேப்பரு இல்லை, பேப்பரு இல்லைன்னா வண்டி ரோட்டுல ஓடக் கூடாது, வண்டி ஓடலைன்னா எங்க ரெண்டு பேரு வூட்டுலயும் ஒலை கொதிக்காது. அவ்வளவுதான் கணக்கு.

அன்னைக்கு வண்டிய வாங்கி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, பண்ணையில லோடு ஏத்திக்கிட்டு ஊருக்குத் திரும்பினோம். கணவாய் எறக்கத்துல செங்கோடன் பிரேக்கை மிதிச்சான். வண்டி நிக்கலை. ஊரு நின்னு போச்சு.

இன்னொருக்காச் சொல்றேன், கேட்டுக்குங்க. வண்டி அதும்பாட்டுக்கு உருண்டுக்கிட்டே இருக்குது, வெளிய இருக்கற எல்லாம் நின்னு போச்சு. புளியமரத்துக்கு மேல காக்கா றெக்கையை விரிச்சபடி நிக்குது, டீக்கடையில மாஸ்டர் ஆத்துன டீ ஒரு டம்ளருக்கும் இன்னொரு டம்ளருக்கும் நடுவுல பழுப்பா நீட்டமாத் தொங்குது, வெசையா வந்துக்கிட்டிருந்த டவுன் பஸ்ஸு அப்படியே அசையாம நிக்குது, பஸ்ஸுக்குப் பின்னாலப் பறந்த புழுதிகூட எறங்காம நிக்குது, ஒரு சத்தம் கெடையாது, எங்க எஞ்சின் சத்தம் ஒண்ணுதான்.

"அக்கா, புடிச்சுட்டேன், முழுசா மிதிச்சுட்டேன்" அப்படின்னு செங்கோடன் கத்தறான். "வண்டி நிக்க மாட்டேங்குதுக்கா!"

"ஆளுக மேல ஏத்திராதடா, வளைச்சு ஓட்டு, வளைச்சு ஓட்டு!"

கியரைக் கொறச்சு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, நின்னுக்கிட்டிருக்கற சனங்களுக்கு நடுவுல வளைச்சு வளைச்சு அவன் ஓட்டறான், நான் ஜன்னல்ல தலையை நீட்டி எடம் இருக்குதா இல்லையான்னு பாக்கறேன். அப்படிப் பாக்கறப்பத்தானுங்க அந்த மூஞ்சிகளைப் பாத்தேன். கோயில் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம், வட்டிக்கு விடறவரு, வெத்தலை எச்சியைத் துப்பியிருந்தாரு, அது அவரு ஒதட்டுக்கும் அடுத்த வூட்டு வாசக் கோலத்துக்கும் நடுவுல செவப்பா மெதந்துச்சு. கறிக்கடைக்காரன் தராசுத் தட்டை சுண்டு விரல்ல அமுக்கிக்கிட்டு வாங்க வந்தவளைப் பாத்து இளிச்சுக்கிட்டிருந்தான். பூசாரி கர்ப்பக்கிரகத்து வாசல்ல நின்னுக்கிட்டு அக்குளைச் சொறிஞ்ச கையால திருநீறு எடுத்துக்கிட்டிருந்தாரு. என் நங்கையா கோகிலம் எங்களைப் பாத்து மொகத்தைச் சுளிச்சிருந்தாங்க, மூக்குல முந்தானை, அதுக்கு மேல ரெண்டு கண்ணு. நாத்தத்துக்குச் சுளிச்ச மொகம்னுதான் இத்தனை வருசமா நெனச்சுட்டிருந்தேன். நிதானமாப் பாக்க நேரம் கெடச்சப்பத்தான் தெரிஞ்சுது, அது எருவைப் பாத்துச் சுளிச்சதில்லை, என்னையப் பாத்துச் சுளிச்சது. சீ, என்ன பொழப்புடா சாமின்னு ஆயிருச்சு எனக்கு.

ஆத்துப் பாலத்து ஏத்தத்துல வண்டி தானா ஓய்ஞ்சு நின்னுச்சு. செங்கோடன் காலை எடுத்தான். உடனே காக்கா பறந்துச்சு, டீ டம்ளருக்குள்ள விழுந்துச்சு, எச்சி கோலத்து மேல போயி விழுந்துச்சு.

மறுநாளே டீலருகிட்டப் போனோம். நடந்ததைச் சொன்னேன். பிரதீப்பு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, "ஓட்டிக் காமிங்க மேடம்"னான். அவங்க வளாகத்துலயே செங்கோடன் வண்டியை வெரட்டிட்டு வந்து பிரேக்கை மிதிச்சான், வளாகம் நின்னு போச்சு, பிரதீப்பு கையில பேனாவோட நின்னு போனான், வண்டி அவனைச் சுத்திக்கிட்டுப் போயி மதிலோரம் கெடந்த பழைய டயருக் குமியல்ல முட்டி நின்னுச்சு. காலை எடுத்ததும் பிரதீப்பு கையத் தட்டுனான்.

"பாத்தீங்களா மேடம்! மிதிச்ச நொடியில நிக்குது. ஒரு நொடிகூட இல்லை, ஜீரோ! இப்பத்தான் அங்க வந்துட்டிருந்துச்சு, கண்ணை இமைக்கலை, டயர்கிட்ட நிக்குது. எந்தக் கம்பெனி வண்டியாவது இப்படி நிக்குமா?"

"ஏனுங்க தம்பி, அது நிக்கறதுக்கு முன்னால எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு உள்ள இருந்த எங்களுக்குத்தானுங்க தெரியும். நீங்க ஒருக்கா உள்ள ஏறி உக்காந்து பாருங்க."

"கஸ்டமர் வண்டி ஓடும்போது நாங்க ஏறக் கூடாது மேடம். கம்பெனி ரூல்ஸ்."

எறங்கி நின்னு பாக்கறவனுக்கு ஒலகத்துலயே நல்ல பிரேக்கு அது, உள்ள உக்காந்தவனுக்குப் பிரேக்கே கெடையாது. இதை எந்த மொழியில சொல்லி அவனுக்குப் புரிய வெக்கறது? அவனுக்குப் புரியாம இல்லைன்னு பின்னாலதான் தெரிஞ்சுது, அதுக்கு வாறேன்.

தோட்டத்துக்கெல்லாம் எருப் போடற காலம், வண்டியை நிறுத்தி வெச்சா வருசம் முழுக்கப் பட்டினி. கியரை நம்பி ஓட்டுனோம், முடியாத எடத்துல மட்டும் மிதிச்சோம். ஊருக்கு மெள்ள விசயம் தெரிஞ்சுது. நேரத்துக்குப் பொறப்பட்டுப் போயிச் சங்ககிரி பஸ்ஸை விட்டவங்க, செல்போன்ல ஒரு நேரமும் சுவத்துல ஒரு நேரமுமா இருக்குதேன்னு மண்டையச் சொறிஞ்சாங்க; நான் டீக்கடையில நின்னு, எங்க பிரேக்குத்தான் காரணம், நாங்க மிதிக்கற நேரமெல்லாம் நீங்க மரமாட்டம் நிக்கறீங்கன்னு வெளிப்படையாச் சொன்னேன். ஊரு பயந்துரும், எல்லாரும் ஒட்டுக்கா டீலருகிட்ட வந்து நியாயம் கேப்பாங்கன்னு நெனச்சேன். அட கெரகமே, ஒருத்தரும் அசரலை. முத்துலிங்கம் மீசையத் தடவிக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"அப்ப நான் எப்படி நின்னேன்?"

"எச்சித் துப்பிக்கிட்டு நின்னீங்க."

அவ்வளவுதானுங்க. மறுநாள்லருந்து எங்க ஹாரன் கணவாய்ல கேட்டதும் ஊரே மொகத்தைத் தொடச்சுக்கிட்டு நல்லவங்களா நிக்க ஆரம்பிச்சுருச்சு. தலையச் சீவிக்கிட்டாங்க, கையக் கூப்பிக்கிட்டாங்க, புள்ளையில்லாதவங்க பக்கத்து வூட்டுப் புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டாங்க. கறிக்கடைக்காரன் தராசுலருந்து ஒரு மொழம் தள்ளி நின்னுக்கிட்டான். முத்துலிங்கம் கோயில் வாசல்ல உக்காந்திருக்கற குருட்டு அங்கம்மாளுக்கு நேரா ஒரு காசை நீட்டிக்கிட்டே நிப்பாரு, அவ கைக்கு ஒரு விரக்கடை மேல, கர்ணனே எறங்கி வந்தாப்புல. எங்க வண்டி பாலத்தைத் தாண்டுனதும் காசு திரும்பி அவரு ஜோப்புக்கே போயிரும். காத்திருந்த கைய அங்கம்மா மெள்ள மடிச்சு மடியில வெச்சுக்குவா. என் நங்கையா முந்தானையை எறக்கிட்டு, எரு நாத்தத்துல கண்ணு தண்ணி ஊத்த ஊத்தச் சிரிச்ச மொகமா நின்னாங்க. தூத்தேறி, எச்சித் துப்பிக்கிட்டு நின்னப்பகூட எனக்கு இப்படிக் கொமட்டலை.

பொறவு பூசாரி ஒரு கதையக் கெளப்பி விட்டாரு. நின்ன நேரம் எமன் கணக்குல வராது, ஆத்தா குடுக்கற இனாம் ஆயுசு அதுன்னாரு. அதுக்கப்புறம் ஹாரன் கேட்டா வூட்டுக்குள்ள இருந்தவங்களும் ரோட்டுக்கு ஓடி வந்தாங்க, சீக்காளிகளைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து ரோட்டோரம் போட்டாங்க, எங்களுக்கு வண்டியை வளைக்க எடமில்லாமப் பண்ணுனாங்க. வண்டி முன்னால மாலை தொங்குச்சு, எரு லோடுக்குக்கூடக் குங்குமம் வெச்சாங்க. ஒரு நாளு அங்கம்மாளோட வெள்ளாடு நடு ரோட்டுல நின்னு போச்சு, ரெண்டு பக்கமும் கட்டிலு, செங்கோடனுக்கு வளைக்க வழியில்லை, ஆடு எங்களைப் பாத்துக்கிட்டே நிக்குது, வண்டி மெள்ளப் போயி அது மேல ஏறுச்சு. வேற நேரமா இருந்தாக் கத்தியாவது இருக்கும், அதுக்குக் கத்தக்கூட நேரமில்லை. காலை எடுத்ததும் ஊரு பாக்குது, ஆடு இருந்த எடத்துல ஆடு இல்லை, ரத்தமும் கறியுந்தான். ஆத்தா பலி எடுத்துக்கிட்டான்னு குலவை போட்டாங்க. அங்கம்மா மட்டும் கையால தரையத் தடவித் தடவி ஆட்டைத் தேடுனா. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை, அந்தக் கறியை ஆக்கி எங்க வூட்டுக்கு ஒரு கிண்ணம் குடுத்தனுப்ப மட்டும் ஆளிருந்துச்சு. செங்கோடன் கிண்ணத்தைப் பாத்துட்டு வாசல்ல குந்தி வாந்தி எடுத்தான். அன்னையிலருந்து அவன் கறி தொடறதில்லை.

நோம்பி சாட்டி, கோயில்ல கம்பம் நட்டாங்க. எங்க மாரியாத்தா நோம்பியில ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் இருக்கறவங்க மஞ்சத் தண்ணி ஊத்தி ஈரத் துணியோட கோயில் முன்னால ரோட்டுல வரிசையாக் குப்புறப் படுத்துக்குவாங்க, கரகம் எடுத்த பூசாரி ஒவ்வொருத்தரையாத் தாண்டிக்கிட்டுப் போவாரு, தாண்டுனாப் பீடை போயிரும்னு நம்பிக்கை. கமிட்டி கூடிப் பேசுச்சு. என்னையும் செங்கோடனையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, காப்பி குடுத்து, முத்துலிங்கம் சொன்னாரு.

"இந்த வருசம் பூசாரி தாண்ட வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கறோம். சனம் படுத்துக்கும், உங்க லாரி கணவாய்லருந்து எறங்கி வரட்டும், முன்னால வந்து பிரேக்கைப் போடட்டும். நொடியில நிக்கற வண்டி, என்ன பயம்? அத்தனை சனத்துக்கும் ஆயுசு கெட்டி. அதுக்குப் பதிலா டீலரு பில்லை ஊரே கட்டிரும். நீ ஒரு பைசாக் குடுக்க வேண்டாம் நல்லாயி. ஒண்ணே ஒண்ணு, பிரேக்குல வேற எவனையும் கை வெக்க விடக் கூடாது."

"அது நிக்கறதில்லீங்க. எத்தனை தடவை சொல்றது? ஆட்டைப் பாத்தீங்கல்ல?"

"ஆடு வேற, ஆத்தாளை நம்பிப் படுக்கற சனம் வேற. உன் தம்பி ஓட்டலைன்னா என் பையன் ஓட்டுவான், அவனும் லைசென்ஸ் வெச்சிருக்கறான்."

அந்தப் பையன் எவ்வளவு வெசையா ஓட்டுவான்னு ஊருக்கே தெரியும். செங்கோடன் என் மொகத்தையே பாத்தான். என் நங்கையா பக்கத்துல வந்து என் தோளைத் தொட்டு, கண்ணே, நானும் படுக்கறேன் இந்த வருசம், மூட்டு வலி போகோணும்னு வேண்டியிருக்கறேன்னாங்க. வூட்டுக்கு வந்து அவங்க தொட்ட தோளைச் சோப்புப் போட்டுக் கழுவுனேன்.

பில்லைக் கட்டறதா வேண்டாமா? கட்டுனா, ஊரு காசுல கட்டுனா, எனக்கு நட்டமில்லை, பேப்பரு வரும், எப்.சி. ஆகும், அடுப்பு எரியும், எல்லாரும் கும்பிடுவாங்க. நாலு பேரு நசுங்கிச் செத்தாலும் ஆத்தா எடுத்துக்கிட்டான்னு குலவை போடுவாங்க, என்னையும் செங்கோடனையும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கேக்க மாட்டாங்கங்கறதைத்தான் என்னால தாங்க முடியலை.

நோம்பிக்கு மொத நாளு பிரதீப்பே எங்க வூட்டுக்கு வந்துட்டான், பணத்தைக் கமிட்டி குடுத்துரும்னு முத்துலிங்கம் போன் பண்ணியிருக்கறாரு, என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பில்லுல வண்டி ஓடுன கிலோமீட்டரை எழுதோணுமாம், மீட்டரைப் பாக்கோணுமாம். நின்ன வண்டியில ஏறக் கூடாதுன்னு ரூல்ஸ் இல்லை போல, மூக்குல கைக்குட்டையை வெச்சுக்கிட்டு கிளீனர் சீட்டுல ஏறுனான். நான் டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து, எஞ்சினைப் போட்டு, பிரேக்கை அமுத்தி மிதிச்சேன்.

வாசல்ல நின்ன கோழி நின்னுச்சு. தெருவுல பந்தலுக்கு மூங்கில் தூக்கிட்டுப் போன ஆளுக அப்படியே நின்னாங்க. பிரதீப்பு வெளிய பாத்தான், என்னையப் பாத்தான், கைக்குட்டை கீழ விழுந்துருச்சு.

"என்னங்க மேடம் இது?"

"எட்டத்துல நின்னு கையத் தட்டுனீங்கல்ல, அதோட உள்பக்கம். இங்க ஒலகத்துல ஒருத்தரும் கேக்கலை தம்பி. உங்க மொதலாளி கேக்கலை, கஸ்டமர் கேக்கலை, உங்க செல்போன்கூட வேலை செய்யாது. நான் காலை எடுக்கற வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்லை. சொல்லுங்க, இந்தப் பிரேக்குப் புடிக்குமா?"

அவன் மொகத்துலருந்து சிரிப்பு போனதும் உள்ள தூக்கமில்லாத ஒரு பையன் இருந்தான்.

"புடிக்காதுங்கக்கா" அப்படின்னான். மேடம் எங்கியோ போயிருச்சு. "புது லைனிங்கே போடலை. பழசையே உப்புத்தாள் வெச்சுத் தேச்சு மாட்டிட்டோம். மாசத்துக்கு இவ்வளவு பில்லுன்னு மேல இருந்து நெருக்கறாங்க."

"ஊரு நின்னு போறது?"

"அது எப்படின்னு எங்களுக்கே தெரியாதுங்கக்கா. இன்னும் ஒண்ணு ரெண்டு வண்டியிலயும் அப்படித்தான் ஆகுது. அவங்கெல்லாம் பணத்தைக் கட்டிட்டாங்க. கொறை சொல்லி வந்தது நீங்க மட்டுந்தான்."

"நாளைக்கு இதுக்கு முன்னால சனம் படுக்கப் போகுது. தெரியுமா?"

"தெரியுங்கக்கா."

நான் காலை எடுத்தேன். கோழி கொத்துச்சு, மூங்கில் நகந்துச்சு, விட்ட எடத்துல இருந்த சிரிப்பு அவன் மொகத்துக்குத் திரும்பி வந்து உக்காந்துக்கிச்சு. கீழ எறங்கி, கைக்குட்டையை உதறி மடிச்சு, தெருவுல போறவங்களுக்கும் கேக்கற மாதிரி, "பிரேக் பர்பெக்ட் மேடம், நாளைக்கு நோம்பி முடிஞ்சதும் கையெழுத்து வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டுக் காருல ஏறிப் போயிட்டான். எருவுல பொழு நெளியும், பாத்திருக்கறேன், அள்ளியிருக்கறேன், அது மேல எனக்கு எந்தக் கோவமும் இல்லை.

அன்னைக்குச் சாயங்காலம் நானும் செங்கோடனும் கடைசியா அள்ளுன லோடு எருவைக் காட்டுக்குக் கொண்டு போகலை, கணவாய் எறங்கி ரோடு கோயில் பக்கம் திரும்பற எடத்துல நடு ரோட்டுலயே குமிச்சுக் கொட்டுனோம். என்னடி இது அக்கிரமம்னு கமிட்டி வந்து குதிச்சுது. ஆத்தாளுக்குக் காணிக்கைன்னேன். பூசாரி யோசிச்சுப் பாத்துட்டு, எரு லாரிக்கு எரு மேட்டைத் தாண்டி வாறதுதான் முறைன்னு சொல்லி அதுக்கும் ஒரு மாலையப் போட்டாரு.

விடிஞ்சுது. மேளம் கேட்டுச்சு. கணவாய் மேல வண்டியில செங்கோடன் உக்காந்திருக்கறான், பக்கத்துல நான். கீழ பாத்தா எரு மேட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் மஞ்சளா வரிசை, கோயில் வாசல் வரைக்கும் ரோட்டையே மூடிப் படுத்திருக்குது சனம். மொத வரிசையில என் நங்கையா. ஓரமா நெழல்ல நாற்காலி போட்டு முத்துலிங்கமும் பிரதீப்பும். அவங்க ரெண்டு பேரும் படுக்கலை. படுத்திருக்கற அத்தனை பேரும் அதைப் பாத்தாங்க, பாத்துட்டுத்தான் படுத்தாங்க.

செங்கோடன் என் பக்கம் திரும்பறான். "அக்கா, மிதிக்கட்டுமா வேண்டாமா, இப்பவே சொல்லிரு."

"மிதிக்காத. என்ன ஆனாலும் அதுல காலை வெக்காத. ஹாரனை மட்டும் விடாம அடி."

"மிதிக்கலைன்னா எல்லாரும் பாத்துருவாங்களேக்கா."

"பாக்கட்டும். அதுக்குத்தான்."

வண்டி எறங்குச்சு. ஹாரன் நிக்காம அலறுச்சு. மாசக் கணக்கா எங்க வண்டி எறங்கறதை எங்க ஊரு பாத்ததே இல்லை, மேல இருக்கும், அடுத்த இமைப்புல பாலத்துல இருக்கும், அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும். இன்னைக்குத்தான் அது உருண்டு வாறதை, சக்கரம் சுத்தறதை, பெருசாகிக்கிட்டே வாறதை, தரை அதுர்றதைப் பாக்கப் போறாங்க. மொதல்ல யாரும் அசையலை. மொகத்தை ஒரு பக்கமாத் திருப்பி, கண்ணை மூடிக் கையைக் கூப்பிச் சிரிச்ச மொகமாக் கெடந்தாங்க, எப்பவும்போல. எப்பவோ முடிஞ்சிருக்க வேண்டியது இன்னும் முடியலையேன்னு என் நங்கையாதான் மொதல்ல ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்தாங்க.

"நிக்கலடீ! வண்டி நிக்கலடீ!"

அந்தக் கத்தலுக்கு ஊரே எந்திரிச்சுது. ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுக்கிட்டு, சீலை அவுந்து, செருப்பைத் தேடாம, கெட்ட வார்த்தையில எங்களைத் திட்டிக்கிட்டு ஓடுச்சு. ஓடறப்பவும் யாரோ ரெண்டு பேரு குருட்டு அங்கம்மாளை ஆளுக்கொரு கையாப் புடிச்சு இழுத்துட்டுத்தான் ஓடுனாங்க. வண்டி எரு மேட்டுல மூக்கைக் குத்துச்சு, குத்தி, கெளறி, பாதி மேட்டை அள்ளி நாலாபக்கமும் எறைச்சு, முக்கி மொனகி, அந்தப் பக்கம் எட்டிப் பாத்து நின்னுச்சு. எறங்கிப் போயிப் பாத்தேன். மொத வரிசை படுத்திருந்த எடத்துல தார் ரோட்டு மேல ஈரம் ஆளுக ஆளுகளா மஞ்சளா அச்சு விழுந்து கெடந்துச்சு, தலை, தோளு, கூப்புன கை எல்லாம் தெரியுது. முன்சக்கரம் ரெண்டும் அந்த அச்சு மேல நின்னுச்சு. என் நங்கையாளோட அச்சுல தலை மட்டும் டயருக்கு அடியில இருந்துச்சு. பிரேக்கை மிதிச்சிருந்தா ஓடறதுக்கு அவங்களுக்கு ஒரு நொடிகூட இருந்திருக்காது.

முத்துலிங்கம் அதைக் குனிஞ்சு பாக்கலை. மேலெல்லாம் எருவோட நின்னுக்கிட்டு, "வேண்டுதலைக் கெடுத்துட்டியேடி பாவி! பிரேக்கைப் போட்டிருந்தா எல்லாருக்கும் ஆயுசு கெடச்சிருக்குமே!"ன்னு கத்துனாரு. ஆமாமான்னு ஊரும் கத்துச்சு. பிரதீப்பு சட்டையிலருந்து எருவைத் தட்டி விட்டுக்கிட்டே பில்லை நீட்டுனான்.

"நீங்க பிரேக்கே புடிக்கலையே மேடம். அப்ப பிரேக் மேல கொறையில்லை. கையெழுத்து?"

"வண்டியை நிறுத்துனது எங்க எரு தம்பி. பில்லு எருவுக்குன்னாக் குடு, கட்டறேன். உன் பிரேக்குக்கு ஒத்தைப் பைசாக் கட்ட மாட்டேன், ஊரையும் கட்ட விட மாட்டேன். பேப்பரை நீயே வெச்சுக்க."

எப்.சி. காலாவதியாகி வண்டி மாசக் கணக்கா வாசல்லயே கெடந்துச்சு, செங்கோடன் வேற வண்டிக்குக் கூலிக்குப் போனான், நான் காதுல கெடந்ததை வித்து அரிசி வாங்குனேன், டீலருகிட்டருந்து நோட்டீஸ் வந்துச்சு, இன்னமும் வருது. சவரி கடனுக்குப் புது லைனிங் போட்டுக் குடுத்தான். டீலரு பேப்பரு இல்லாமலே ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு திரிஞ்சு எப்.சி.யும் வாங்கியாச்சு. இப்ப செங்கோடன் மிதிச்சா வண்டி கிறீச்சுன்னு ஊரு பல்லுக் கூசக் கத்திட்டு, நேரம் எடுத்து, மெள்ள நிக்குது, காக்கா பறந்துக்கிட்டே இருக்குது.

மொத லோடோட கணவாய் எறங்குன அன்னைக்கு ஹாரன் அடிச்சோம். யாரும் கும்பிடலை. முத்துலிங்கம் எங்க பக்கமாப் பாத்து எச்சியைத் துப்புனாரு, அது துப்புன வேகத்துல போயித் தரையில விழுந்துச்சு. என் நங்கையா வாசல்ல நின்னுக்கிட்டு, எங்களைப் பாத்ததும் முந்தானையைச் சுருட்டி மூக்குல அடைச்சுக்கிட்டு மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

அப்பத்தானுங்க எனக்கு மூச்சே வந்துச்சு.